காரின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா?

நம்மவர்கள் புதுக் கார் வாங்கினால் செய்யும் முதல் காரியம், அதை மலை மந்திருக்கு ஓட்டிக்கொண்டு போய் சுவாமிநாதனுக்கு முன்னால் பூஜை போடுவதுதான். மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம், எதிலும் குறை வைப்பதில்லை. அப்புறம் சீட்டுக்கு உறை, தரைக்கு விரிப்பு, பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர், ஏசி காற்றோடு மல்லிகை மணம் வர ஒரு டப்பி. "வேறு என்ன சார் போடட்டும்?" என்று ஷோரூம்காரர் கேட்கக் கேட்க நாமும் தலையாட்டுவோம். ஆனால் அந்தக் காரின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர் கூடப் பார்த்திருக்கமாட்டார்.

நானும் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருஷ டெல்லி வாழ்க்கையில் மூன்று கார்கள் மாற்றிய பிறகு, 61-ஆம் வயதில், கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டருக்கும் மேலான ஓரிடத்தில், கூழாங்கல் மேல் மல்லாந்து படுத்துத்தான் என் காரின் அடிவயிற்றை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தபோது அதிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று கற்றுக்கொண்ட பாடத்தை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்பாதையில் காரைக் காப்பாற்றுவது பெரிய சக்கரமோ பெரிய இஞ்சினோ அல்ல. இஞ்சினுக்கு அடியில் போடும் ஒரு தகடும், சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்தும் புத்தியும்தான். முதலாவதை கார்க் கம்பெனிகள் கேட்காமலே கொடுக்கவேண்டும். இரண்டாவதை நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சோட்டா தாராவில் நடந்தது

2022 ஜூன் கடைசி வாரம். டெல்லியில் வெயில் வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. நான், மனைவி, மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன் என ஐந்து பேரும் எங்கள் சின்னக் காரில் மணாலி போய், அங்கிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கும் காஜாவுக்குக் கிளம்பினோம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தங் கணவாயை ஏறி இறங்கும் பாடு இல்லை. 9 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டினால் லாஹௌல். கோக்சர் தாண்டி கிராம்பு என்று ஓர் இடம். "கிராம்பு வந்தாச்சு, ஏலக்காய் எப்போ வரும்?" என்று என் மனைவி கேட்க, எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு தார்ச்சாலை முடிந்தது.

அங்கிருந்து பாதால் வரைக்கும் நாங்கள் கண்டது பாதை என்று சொல்வதற்கே கூச்சப்படவேண்டிய ஒன்று. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சந்திரா நதி, நடுவில் பனியாறுகள் உருட்டிவிட்டுப் போன கல். ஆங்காங்கே மலையிலிருந்து உருகிவரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே வெட்டி ஓடுகிறது. முதல் கியரில் மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

சோட்டா தாரா தாண்டி ஒரு வளைவில், பாதை நடுவே தேங்காய் பருமனுக்கு ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. சக்கரம் ஏறினால் டயர் கிழிந்துவிடுமோ என்று பயந்து, கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டு ஓட்டினேன். 'டங்' என்று ஒரு சத்தம். பேரன், "தாத்தா, கோல்!" என்று கைதட்டினான். நானும் சிரித்துவிட்டு ஓட்டினேன்.

ஒரு நிமிஷம் போயிருக்கும். பின்னால் வந்த பிக்கப் வண்டிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். முந்தப் பார்க்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். அவர் முந்தவில்லை. இறங்கி ஓடிவந்தார். "அங்கிள்ஜி, பின்னால் பாருங்கள்" என்றார். நாங்கள் வந்த வழி நெடுகக் கல்லின் மேல் கறுப்புக் கோடு. அதே நேரம் டாஷ்போர்டில் எண்ணெய்க் கூஜா படம் போட்ட சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பாதாலில் கடை இருக்குமே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவரே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம் என்று தோன்றுகிறது.

இஞ்சின் ஆயில் தங்கும் தொட்டியை இந்த ஊர் மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்கிறார்கள். எங்கள் கார்ச் சேம்பர் அலுமினியம். அதன் அடியில், ஆயில் இறக்கும் நட்டுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அந்த மனிதர் மிச்ச ஆயிலையும் ஒரு டின்னில் வடியவிட்டார். வெடிப்பைச் சுற்றி அரத்தால் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தன் பெட்டியிலிருந்த எம்-சீலைப் பிசைந்து அப்பினார். "இந்தக் குளிரில் இறுகுவதற்கு ராத்திரி முழுக்க ஆகும். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்" என்றார். பெண்களையும் குழந்தையையும் தன் வண்டியில் பாதால் தாபாவுக்கு அழைத்துப் போனார். நானும் மகனும் காரிலேயே இரவைக் கழித்தோம். செல்போனில் சிக்னல் கிடையாது. கொண்டுபோன போர்வை இரண்டையும் போர்த்திக்கொண்டும் பல் கிட்டியது. "அப்பா, குழந்தையை வைத்துக்கொண்டு இங்கே மாட்டியிருந்தால்?" என்று மகன் ஒருமுறைதான் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை சொன்ன சொல் தவறாமல் அவர் வந்தார். எல்லோரையும் கூட்டிவந்தார், மூன்று லிட்டர் ஆயிலும் வாங்கி வந்தார். ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அடியில் அட்டையை விரித்துக் கால் மணி நேரம் பார்த்தோம். இரண்டு சொட்டு, அவ்வளவுதான். குன்சம் கணவாயும் வேண்டாம், காஜாவும் வேண்டாம் என்று திரும்பினோம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஆயில் அளவு பார்த்துக்கொண்டே மணாலி வந்து சேர்ந்தோம். அந்த மனிதர் ஆயில் விலையைத் தவிர ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார். என் மனைவி வற்புறுத்தியதால் முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நிறுத்தாமல் போனவர் கதை

எனக்குச் சேம்பர் ஒன்றோடு போயிற்று. நம் சங்க நண்பர் ஒருவருக்கு அப்படி இல்லை. 2017-இல் அவர் டெல்லியிலிருந்து குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போனார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர், சிவகங்கைப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதையில் அடி வாங்கினார். மாட்டுவண்டியும் டிராக்டரும் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மண்மேடு உயர்ந்து நிற்கும் பாதை அது. அந்த மேட்டில் புதைந்திருந்த கல் சேம்பரில் இடித்தது. விளக்கு எரிந்தது. "பொங்கல் வைக்க நேரமாகிறது, கோயிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினார். கோயிலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் இஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. அப்புறம் அது ஓடவேயில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மனு போட்டார். சேம்பருக்குப் பணம் தருகிறோம், இஞ்சினுக்குத் தரமுடியாது என்று பதில் வந்தது. அவர் இன்றைக்கும் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் பாலிசியைப் படித்தால் விஷயம் புரியும். கல் இடித்து சேம்பர் உடைந்தது விபத்து, அதற்கு நஷ்டஈடு உண்டு. ஆயில் போன பிறகும் ஓட்டியதால் இஞ்சின் பிடித்துக்கொண்டது என்பது விபத்தின் தொடர் விளைவு. சாதாரண மோட்டார் பாலிசியில் தொடர் விளைவு இழப்புக்கு இடமில்லை. இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை எடுத்திருந்தாலும் நிபந்தனைகளைப் படித்துவைத்துக்கொள்வது நல்லது. மலைக்கும் ஊருக்கும் காரில் போகிறவர்கள் புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் இதைக் கேட்கவேண்டும்.

ஆயில் இல்லாவிட்டால் ஏன் இஞ்சின் இவ்வளவு சீக்கிரம் போகிறது? இஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான் இருக்கிறது. பம்பு அழுத்தம் கொடுத்து அதை நிறுத்திவைக்கிறது. அழுத்தம் போனால் இரும்பு இரும்போடு உரசும், சூடேறும், சில நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிவப்பு விளக்கு 'ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று சொல்வதில்லை. 'அழுத்தம் போய்விட்டது, உடனே அணை' என்று சொல்கிறது. பெட்ரோல் குறைந்தால் எரியும் விளக்கும் இதுவும் ஒன்றல்ல. வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாக இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு, இதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

கீழே என்னதான் இருக்கிறது?

பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் அடியில் ஒரு கறுப்புத் தகடு தெரியும். "அதுதான் பாதுகாப்பு" என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அது பிளாஸ்டிக். சேறும் தண்ணீரும் மேலே தெறிக்காமல் இருக்கவும் காற்று ஒழுங்காக ஓடவும் போட்டது. கல்லுக்கு முன்னால் அது அப்பளம்.

அதற்கு மேலே சேம்பர். சின்னப் பெட்ரோல் கார்களில் மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் அதில்தான் இருக்கிறது. அலுமினியமாக இருந்தால் வெடிக்கும், இரும்புத் தகடாக இருந்தால் நசுங்கும். நசுங்கினால் தப்பித்தோம் என்று நினைக்கக்கூடாது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சேம்பர் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. தரை மேலே வந்து அந்த வாயை அடைத்தால், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலே இஞ்சின் பட்டினி கிடக்கும்.

பக்கத்தில் கியர்பாக்ஸ். அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் முனையில் ரப்பர் உறை இருக்கிறது. அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி மண் புகும். நடுவே சைலன்சர் குழாய். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். ஓரமாகப் பிரேக் ஆயிலும் பெட்ரோலும் போகும் மெல்லிய குழாய்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் நாம் காரின் மேல் பாகத்தை மட்டும் மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். புதுக் கார் எடுக்கும்போது அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கச் சொல்லி ஷோரூமில் வற்புறுத்துவார்கள். அது துருப் பிடிக்காமல் இருக்க. கடற்கரை ஊருக்கு உபயோகமானதுதான். ஆனால் அதைக் கல்லடிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள். பூச்சு வேறு, தகடு வேறு.

அளக்கும்போது காலி, ஓட்டும்போது நிறைவு

விளம்பரத்தில் தரை இடைவெளி 165 மில்லிமீட்டர், 170 மில்லிமீட்டர் என்று போடுகிறார்கள். பெரும்பாலும் அது ஆள் ஏறாத காரில் அளந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் அரசாங்கத்துக்கும் அதே கணக்குதான். நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் இஞ்சின், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி இருந்தால் கூடுதல் வரி என்று முடிவு செய்தபோது, அந்த இடைவெளியைச் சுமை ஏற்றாத நிலையில்தான் அளக்கவேண்டும் என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2023 ஜூலையில் தெளிவுபடுத்தியது. வரிக்கு அது சரி. ஆனால் நாம் காலிக் காரிலா ஊருக்குப் போகிறோம்?

நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டி, குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல் என்று நிரப்பியதும் என் கார் ஏறக்குறைய இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் போடும்போதும் மூக்கு இன்னும் தாழும். அன்றைக்கு அந்தக் கல் உயரமானதல்ல. நாங்கள்தான் தாழ்ந்திருந்தோம்.

கம்பெனிகள் செய்யவேண்டியது

நம் நாட்டுக்குக் கார் செய்யும்போது கம்பெனிகள் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறார்கள். நம் சாலை எப்படி என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. தெரிந்தும் இஞ்சினுக்கு அடியில் ஒரு நல்ல தகடு போடுவதைப் பல மாடல்களில் வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அது வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்" என்று பதில் வருகிறது. 2023 அக்டோபரில் பாரத் என்சிஏபி சோதனை வந்தது நல்ல காரியம். முன்னால் மோதினால், பக்கத்தில் மோதினால் எப்படி என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கீழிருந்து வரும் அடிக்கு நட்சத்திரம் கிடையாது.

முடியாத காரியமா இது? 2013-இல் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் எஸ் கார்கள் சில, சாலையில் கிடந்த இரும்புப் பொருள்களின் மேல் ஏறியதால் அடியிலிருந்த பேட்டரியில் அடிபட்டுத் தீப்பிடித்தன. 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி புதுக் கார்களுக்கெல்லாம் அடியில் டைட்டானியத் தகடு போட ஆரம்பித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் கேட்டால் இலவசமாகவே போட்டுக்கொடுப்பதாகவும் அறிவித்தது. அகலமான நல்ல சாலைகள் உள்ள நாட்டிலேயே இது தேவைப்பட்டது என்றால், நம் நாட்டில் கேட்கவா வேண்டும்? இப்போது நம்மவர்களும் மின்சாரக் கார் வாங்குகிறார்கள். அதில் சேம்பர் இல்லை, உண்மைதான். ஆனால் அநேகமாகத் தரை முழுவதும் பேட்டரி. காரிலேயே விலை அதிகமான பாகம் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. வாங்குமுன் அதன் அடியில் என்ன தகடு இருக்கிறது என்று கேளுங்கள்.

தகடு வேண்டாம் என்பவர்களுக்கும் சில நியாயங்கள் உண்டு. எடை கூடும், மைலேஜ் குறையும் என்பார்கள். சில கிலோ எடைதான். டிக்கியில் வருஷக்கணக்காகக் கிடக்கும் பழைய சாமான்களை எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். தகடு போட்டால் இடைவெளி இன்னும் குறையும் என்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறையலாம். ஆனால் இடிக்கும்போது தகடு வாங்கிக்கொள்ளுமே! வெந்நீர்க் கொதிப்பு மாதிரி சூடு தங்கும் என்பார்கள். காற்றுக்குத் துளை விட்ட தகடாகப் பார்த்துப் போடவேண்டும். மோதலின்போது இஞ்சின் கீழே இறங்கவேண்டும், தகடு தடுக்கும் என்றும் சொல்கிறார்கள். இது மட்டும் யோசிக்கவேண்டிய விஷயம். அதனால்தான் சொல்கிறேன், தெருவோரத்தில் யாரோ வெட்டி ஒட்டும் வேலையாக இது இருக்கக்கூடாது. காரை வடிவமைத்தவர்களே தகட்டையும் வடிவமைக்கவேண்டும். அதுவரை, கம்பெனியே தன் மாடலுக்கென்று விற்கும் தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். வாரண்டி சண்டையும் மிச்சம்.

"நாங்கள் டெல்லியை விட்டு எங்கே போகிறோம்?" என்பவர்கள், மழைக்காலத்தில் தோண்டிப்போட்ட காலனித் தெருக்களையும், அளவில்லாமல் கட்டிய வேகத்தடைகளையும் நினைத்துப் பார்க்கட்டும்.

நாம் செய்யவேண்டியது

தகடு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இரும்பு என்றால் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். மெல்லிய தகடு மடங்கிப் போய் அதுவே சேம்பரில் இடிக்கும். தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். காரின் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும், இஞ்சினில் அல்ல. ஆயில் மாற்ற அடியில் வழி விட்டிருக்கவேண்டும்.

தகடு போட்டுவிட்டோம் என்று ஜீப் ஓட்டுவதுபோல் ஓட்டக்கூடாது. கல்லை நடுவில் விடுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. மெதுவாகச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால் கார் முழுவதும் உயரும், அடி தப்பும். மிகக் கூர்மையான கல்லாக இருந்தால் இறங்கி அப்புறப்படுத்துங்கள், வெட்கமில்லை. வண்டிப்பாதையில் நடு மேட்டின்மேல் ஒரு சக்கரமும் ஓரத்தின்மேல் இன்னொன்றுமாக ஓட்டினால் வயிறு தட்டாது. மேட்டின்மேல் ஏறும் நேரத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள், அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். மோசமான இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்துவிடுங்கள். இருநூறு கிலோ குறைந்தால் கார் தானாக எழும்பும். ஓடும் தண்ணீரில் கல் தெரியாது. பனி உருகும் ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவு, மாலையில் அதிகம். ஆகவே காலையிலேயே கடக்கவேண்டும்.

அடி விழுந்த சத்தம் கேட்டால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். அணைத்துவிட்டு, குனிந்து பாருங்கள். சொட்டு விழுகிறதா என்று அடியில் ஒரு காகிதம் விரித்துப் பத்து நிமிஷம் காத்திருங்கள். பார்க்கிறேன் என்று ஜாக்கியால் மட்டும் தூக்கிவிட்டுக் காரின் அடியில் நுழையாதீர்கள், ஜாக்கி சரிந்தால் உயிருக்கே ஆபத்து. டிக்கியில் ஒரு லிட்டர் ஆயிலும், எம்-சீலும், நல்ல கயிறும், ஒரு கம்பளியும் இருக்கட்டும். பயணம் முடிந்து வந்ததும் மெக்கானிக்கிடம் காரைத் தூக்கச் சொல்லி, தகட்டுக்குள் சிக்கிய கல்லையும் மண்ணையும் எடுத்து, போல்ட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

நானும் தகடு போட்டுக்கொண்டேன். 2024 ஜூலையில் அதே பாதையில், அதே ஐந்து பேர் மறுபடியும் போனோம். இந்த முறை மோசமான இடங்களில் நானும் மகனும் முன்னால் நடந்து வழி காட்ட, மருமகள் ஓட்டினாள். இரண்டு இடத்தில் 'டங்' கேட்டது. இரண்டு இடத்திலும் நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுப் போனோம். குன்சம் கணவாயில் பேரனை நிற்கவைத்துப் படமெடுத்தோம். டெல்லி திரும்பி மெக்கானிக்கிடம் தூக்கிப் பார்த்தபோது தகட்டில் நான்கு கீறல், சேம்பரில் ஒன்றுமில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு காரைத் தூக்கி அடியில் இருப்பதை எல்லோருக்கும் காட்டச் சொல்லலாம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வரட்டும். என் காரைக் கொண்டுவர நான் தயார். அடுத்தமுறை மலை மந்திரில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது, அன்பர்களே, இன்னும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.